அட்டையில் ஒரு 'ம'

முத்தியால்பேட்டை,
6.4.2025

அன்பு மகள் பூரிக்கு,

உன் பேருக்கு வந்த பார்சலை நான் பிரித்துவிட்டேன். கிரைண்டருக்குச் சொல்லி வைத்த பெல்ட் என்று நினைத்துப் பிரித்ததாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். மேலே 'ம. பூர்ணிமா' என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, கூரியர்காரன் தெருமுனை திரும்புவதற்குள் பிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய? தை மாதத்திலிருந்து நீ போனை எடுப்பதில்லை. உன் பேர் போட்டு இந்த வீட்டுக்கு வந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

ஆதாரில் இருக்கிற விலாசத்தை அனுப்பியவர்களிடம் கொடுத்திருக்கிறாய் போல. உள்ளே ஒரே மாதிரி அஞ்சு புத்தகம். அட்டையில் கடற்கரை. ரெண்டு பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே, 'பிரெஞ்சிலிருந்து தமிழில்: ம. பூர்ணிமா'.

அந்த 'ம' நான்தானே?

இதைக் கேட்கத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். இதுவரை என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். வாக்காளர் பட்டியலில் பக்கத்தில் இருக்கிற போட்டோ வேறு ஆளுடையது. எனக்கு முன்னால் பிறந்தது ரெண்டும் தங்கவில்லை என்று, எமன் கண்ணில் படாமல் இருக்க என்னைக் குப்பையில் புரட்டி வைத்த பெயர் இது. நீ பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் 'மணி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? இப்போது மெட்ராஸ்காரர்கள் அச்சடித்தே விட்டார்கள். இனி நீயே நினைத்தாலும் அழிக்க முடியாது.

ரெண்டு புத்தகத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டுப் பென்ஷன்காரருக்கு. "ஒனக்குத் தமிழே தகராறு, ஒம் பொண்ணு பிரெஞ்சுலேருந்து தமிழ் போடறாளா!" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், சட்டைப் பொத்தான் ஒன்று போய்விட்டது. இன்னொன்று என் கல்யாணச் சமையல் செட்டுக்கு. காய் நறுக்குகிறவர்களில் கமலா பத்தாவது வரை போனவள், அவள் உரக்கப் படிக்கிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். எழுத்துக் கூட்டி முதல் அத்தியாயம் தாண்டிவிட்டேன்.

முதல் பக்கத்தில் 'முதலில் கேட்ட நூரீனுக்கு' என்று போட்டிருக்கிறாய். நமக்கு வாடகைக்கு அண்டா கொடுக்கிற கரீம் பாய் மகள் நூரீன்தானே? நல்ல பிள்ளை. ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

போனைத்தான் எடுக்கவில்லை, பதிலாவது போடு. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்கு. அதற்கும் பதில் வரவில்லை, அவளேதான் வந்தாள்.

இப்படிக்கு,
அட்டையில் இருக்கிற 'ம'


சென்னை,
13.4.2025

அப்பாவுக்கு,

பார்சலைப் பிரித்ததற்குக் கோபம் இல்லை. விலாசத்தை மாற்றிக் கொடுக்க நான்தான் மறந்துவிட்டேன். ஆமாம், அந்த 'ம' நீங்கள்தான். 'மணி' என்று சொன்னது ஆறாம் வகுப்பில். அதற்காக இன்னும் எத்தனை வருஷம் கிண்டல் செய்வீர்கள்?

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். இது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல். அந்த வயதில் இதைப் போல ஒன்றை நம் ஊர் நூலகத்தில் பிரெஞ்சு அலமாரியில் கண்டெடுத்தேன். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் காதல். வீட்டுக்கு எடுத்துவரப் பயம். அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே படித்தேன். கால் வலிக்கும். நான் கெட்டுப்போனவள் இல்லை, நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று எனக்கு முதலில் சொன்னது அந்தப் புத்தகம்தான். நூரீனுக்குப் பிரெஞ்சு தெரியாது. சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில் நடந்து வரும்போது படித்ததையெல்லாம் அவளுக்குத் தமிழில் சொல்வேன். "அப்புறம்? அப்புறம்?" என்று விடமாட்டாள். நான் மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். இன்றைக்கு முத்தியால்பேட்டையில் ஒரு பெண் இதைத் தமிழில், உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் ஒரு வருஷம் உழைத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று கேசரி கிளறிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் உங்களிடம் சொன்னேன். நூரீனும் நானும் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழிகள் மட்டும் இல்லை, என் வாழ்க்கை அவளோடுதான், இவர்களை வரச்சொல்லாதீர்கள் என்று. "அடி புடிச்சிடும், அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. நீங்கள் திட்டியிருந்தால்கூட நான் பதில் பேசியிருப்பேன். ஊரெல்லாம் சிரிக்க வைக்கிற மனிதர் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

போனை எடுக்காததற்குக் காரணமும் அதுதான். எடுத்தால் சிரிக்க வைத்துவிடுவீர்கள். பேச வேண்டியது அப்படியே நின்றுபோகும். அதனால் எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொடுத்த புத்தகங்களை வாங்கி வைத்துவிடுங்கள். நூரீன் இன்னும் அவள் வீட்டில் சொல்லவில்லை. கரீம் மாமா கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. சொல்வதாக இருந்தால் அது அவள் சொல்ல வேண்டியது.

அம்மா என்ன சொன்னார்கள்?

பூர்ணிமா


முத்தியால்பேட்டை,
2.5.2025

அன்பு மகள் பூரிக்கு,

கடிதம் வந்தது. 'நீங்கள்', 'என்றீர்கள்' என்று வரிக்கு வரி மரியாதை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தது போல நின்றுகொண்டே படித்தேன். "யப்பா, ஒனக்கு அறிவிருக்கா?" என்று கேட்கிற பிள்ளை இப்படி எழுதினால் கோபம் எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியாதா?

புத்தகங்களைத் திரும்ப வாங்கப் போனேன். பென்ஷன்காரர் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஒரே நாளில் முடித்துவிட்டாராம், திரும்பப் படிக்கிறாராம். "ஒம் பொண்ணு கையில பிரெஞ்சு வாசனையே இல்ல மாஸ்டர், சுத்தத் தமிழ்" என்று அவர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் பாக்கி.

அடுப்படியில் கதை வேறு. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள் அல்லவா? இப்போதெல்லாம் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். கதையில் வருகிற மீன்பிடி ஊர்ப் பெண்கள் ஸொலேன், மாயேல் ரெண்டு பேரும் இங்கே சோலை, மயில் ஆகிவிட்டார்கள். மயில் கோல்கீப்பர் என்பதில் காய் நறுக்குகிற நம்ம அஞ்சலாட்சிக்கு அவ்வளவு பெருமை. "பொண்ணுன்னா அப்படி நிக்கணும்" என்கிறாள். சோலை தன் மனசை மயிலிடம் சொல்லாமல் வெளியூருக்குப் போன அத்தியாயத்தில் ஒரு கூடைக் கத்தரிக்காய் நறுக்காமலே கிடந்தது. முதலில் ஒருத்தி, "ரெண்டு பொண்ணுங்களா? இது என்னாக்கா கதெ?" என்று முகத்தைச் சுளித்தாள். அஞ்சலாட்சி, "புடிக்கலன்னா வெங்காயம் உரிக்கப் போ. வாயெ மூடிக்கினு கேக்கறவ மட்டும் இரு" என்றாள். அவள் வெங்காயத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஒரு இடம் வந்தது. சோலை தன் அப்பனிடம் உண்மையைச் சொல்கிறாள். அவன் பதிலே சொல்லாமல் படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.

"வாய்ல என்னாடா வச்சிருக்க? பேசேன்டா!" என்று அஞ்சலாட்சி புத்தகத்தைப் பார்த்துக் கத்தினாள். கமலா என் பக்கம் திரும்பி, "நீங்களா இருந்தா என்னா மாஸ்டர் சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

"நானா இருந்தா எஞ்சினுக்கு எண்ணெயும் போட்ருப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி கெட்ட செய்தி. திட்டாமல் படி. அன்றைக்குக் கமலா கை ஈரம் என்று புத்தகத்தைச் சுத்தமான காலி அண்டா ஒன்றில் வைத்து மூடி போட்டாள். ஆவி படாமல் இருக்குமாம். மறுநாள் கல்யாணம் முடிந்த அவசரத்தில் அண்டாக்களை வேனில் ஏற்றிக் கரீம் பாய் கடைக்கு அனுப்பிவிட்டோம். அவர் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்து வாங்குகிற மனிதர்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை.

"மாஸ்டர், ஒன் அண்டாவுல கரண்டி வந்திருக்கு. சாம்பார் வந்திருக்கு. ஒருவாட்டி ஒன் சட்டையே வந்துச்சு. புஸ்தகம் இப்பத்தான் வருது."

"படிச்ச அண்டா பாய்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தைப் பிரித்து விரல் வைத்தார். "ராத்திரி நாலு அத்தியாயம் படிச்சேன். இந்த நூரீன் யாரு?"

எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. "முத்தியால்பேட்டைல நூரீனுக்கா பஞ்சம்? கல்லு வுட்டா ஒரு நூரீன் மேலதான் வுழும். இது மெட்ராஸ்ல ஆபீஸ் மேனேஜரா இருக்கும் பாய்" என்றேன்.

புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டு, "ஒங்கிட்டப் போயி கேட்டேன் பாரு" என்று போய்விட்டார். ஆகவே பயப்படாதே. சமாளித்துவிட்டேன்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாயே. சொன்னதை விடு, செய்ததைக் கேள். புதுப் புத்தகம் என்றால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள் அல்லவா? அட்டையின் மூலையில் வைப்பாள் என்று பார்த்தால், படத்தில் இருக்கிற ரெண்டு பெண்களின் நெற்றியிலும் பொட்டு வைத்திருக்கிறாள். பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் இப்போது நம்ம தெருப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள்.

வைகாசி முடிந்ததும் ரெண்டு பேரும் வாருங்கள். எனக்கும் முகூர்த்தம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பன்


சென்னை,
11.5.2025

யப்பா,

நீ எழுதியதை நூரீனுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தாள். "என்னெ மேனேஜரா ஆக்கிட்டாரு ஒங்கப்பா" என்றாள். சிரித்து முடித்துவிட்டு எழுந்துபோய் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அத்தா கேட்ட நூரீன் நான்தான், பூர்ணிமாவோடதான் என் வாழ்க்கை என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா முழுக்கக் கேட்டார்களாம். அப்புறம், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்களாம். அன்று முழுக்க நூரீன் சாப்பிடவில்லை.

உன்மேல் பழி போடவில்லை. நான் கேட்டுக்கொண்டபடிதான் நீ மறைத்தாய். அவளைப் பற்றி நீ சொல்லாதது சரி. ஆனால் என்னைப் பற்றி? தை மாதத்திலிருந்து இது உனக்குத் தெரியும். இத்தனை பக்கம் எழுதுகிறாய், சோலையைப் பற்றி, மயிலைப் பற்றி. உன் மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. சமாளித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் சமாளிக்க வேண்டிய விஷயமா அப்பா?

அம்மா பொட்டு வைத்ததைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். நீ அதையும் ஒரு தமாஷ் போல எழுதியிருந்தாய்.

வரத்தான் ஆசை. அம்மா கையால் சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது! ஆனால் தெருவில் போகிற யாராவது, "பொண்ணுக்கு எப்போ?" என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது நீ ஒரு ஜோக் அடிப்பாய், அவர்கள் சிரிப்பார்கள், நூரீன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. நீ என்ன சொல்வாய் என்று தெரியாமல் நான் வரமாட்டேன்.

நீ படிக்கிற புத்தகம் எதுவரை வந்திருக்கிறது?

பூரி


முத்தியால்பேட்டை,
10.6.2025

என் மகள் பூர்ணிமாவுக்கு,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதுவதற்கு முன்னால் எனக்கு வேலை இருந்தது.

புத்தகத்தை முடித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் என் மகள் எழுதியது. இதைச் சொல்ல இந்த ஊரில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? அந்த எஞ்சின் துடைக்கிற அப்பன் கடைசியில் பேசுவான் என்று நம்பிப் படித்தேன். அவன் பேசவே இல்லை. மகள் படகில் ஏறும்போது ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுக்கிறான், அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஸ்வெட்டர் கொடுத்தால் ஆயிற்றா?

அதனால், நூரீனே வீட்டில் சொல்லிவிட்டாள் என்ற தைரியத்தில், கரீம் பாய் கடைக்குப் போனேன். அவர் மூடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னிக்கு ஒங்கிட்ட சொன்னது பொய். அது நம்ம நூரீன்தான். ஒன் பொண்ணும் என் பொண்ணும் சேர்ந்துதான் வாழுதுங்க. எனக்குத் தை மாசமே தெரியும்."

"தெரியும். வூட்ல சொல்லிட்டா."

நான் நின்றேன். அவர் இன்னொரு மூடியை எடுத்தார்.

"நல்ல புள்ளைங்க பாய்."

"மாஸ்டர், இனிமே அண்டா வேற எடத்துல பாத்துக்க" என்றார்.

இருபது வருஷப் பழக்கம். வந்துவிட்டேன். இப்போது அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி அண்டா வருகிறது. ஒரு அண்டாவுக்குக்கூட மூடி பொருந்தவில்லை. பாய் என்னைத் தெருவில் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். நானும் கேசரி கிளறியவன்தானே.

ஆனால் போன வெள்ளிக்கிழமை நூரீனுடைய அம்மா வீட்டுக்கு வந்தார்கள். ஜீனத்துன்னிசா அம்மா நம் வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. உன் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை ரெண்டு தடவை போட்டு அணைத்தாள். அவர்கள் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தப் புஸ்தகம் இருக்கா? அவரு பாதியில திருப்பிக் குடுத்துட்டாரு."

"இருக்குதும்மா."

"அந்த ரெண்டு புள்ளைங்களும் கடைசில நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்கம்மா."

"அப்ப குடுங்க. அதெ தெரிஞ்சிக்கினுதான் படிக்கணும். இல்லன்னா எனக்குத் தாங்காது."

உன் அம்மா உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்து கொடுத்தாள். பொட்டு வைத்ததைத்தான். அந்த அம்மா அட்டையைப் பார்த்தார்கள், உன் அம்மாவைப் பார்த்தார்கள், முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நூரீனிடம் இதைச் சொல். உடனே சொல், அவள் சாப்பிடட்டும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நேற்று முன்தினம் கோரிமேட்டில் ஒரு கல்யாணம். காலை டிபன் தயாராகிறது. பெண்ணுடைய பெரியப்பா காபி கேட்டு அடுப்படிக்கு வந்தார். எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டி, "என்னா மாஸ்டர், ஊர்ப் பொண்ணுக்கெல்லாம் பந்தி போடற. ஒன் பொண்ணுக்கு எப்போ?" என்றார்.

வாயில் ஒன்றல்ல, நாலு ஜோக் வந்து வரிசையில் நின்றது. நாலையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கலீங்க. நூரீன்னு ஒரு பொண்ணு. எம் பொண்ணு அவளோடதான் வாழறா. ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க. பிரெஞ்சுலேருந்து ஒரு புஸ்தகம் தமிழ்ல போட்டிருக்கா. அட்டையில என் இன்ஷியல் இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தார் போல. வரவில்லை என்றதும், "சக்கரை கம்மியா ஒண்ணு அனுப்பு மாஸ்டர்" என்று போய்விட்டார்.

கமலா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அஞ்சலாட்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப நம்ம பூரி சோலையா, மயிலா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"மயிலாத்தான் இருக்கும். எவ்ளோ தைரியம் பாரு" என்றாள் கமலா. ரெண்டு பேருக்கும் அதில் சண்டை. இன்னும் தீரவில்லை.

இப்போது தெரிந்துவிட்டதா நான் என்ன சொல்வேன் என்று? இனி யார் கேட்டாலும் அதேதான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன் போலிருக்கிறது, எனக்கு நாக்கு பழகிவிட்டது. அதனால் ரெண்டு பேரும் வாருங்கள். அம்மா மாடி அறையை ஒட்டடை அடித்து, புதுப் பாய்கூட வாங்கிவிட்டாள். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத்தான் பார்க்கிறேன், என்னிடம் இருக்கிற எழுத்து பத்தவில்லை. அதை நீ மொழிபெயர்த்துக்கொள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பெரியப்பா போனதும் அவர் கேட்ட காபியை அனுப்பினேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் சட்னிக்குத் துருவி வைத்த தேங்காய் இருந்தது. அன்று இட்லிக்குச் சாம்பார் மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பன்
மண்ணாங்கட்டி